மூன்றாவது வரி

எங்கள் வீட்டில் வீடியோ கேம் விளையாடுகிறவன் என் அண்ணன். வயது ஐம்பத்தொன்று. இரண்டு கண்ணும் தெரியாது. அலுவலகத்தில் இதைச் சொன்னபோது ஆளாளுக்கு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ கதை விடுகிறேன் என்றுதான் நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் நானே நம்பவில்லை.

சர்க்கரை வியாதி எங்கள் குடும்பத்தில் சொத்து மாதிரி இறங்கி வருவது. அண்ணன் சிங்கப்பூர் சாங்கியில் விமானச் சரக்குக் கிடங்கில் இருபது வருடத்துக்கும் மேல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அதே இடத்தில் அலுவலகப் பக்கம் எனக்கு வேலை. சரக்கோடு வருகிற தாளில் எழுதியிருப்பதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கிற வேலை. ஒருநாள் அவன் வண்டி தூணில் உரசியது. அதற்குப் பிறகு லேசர், ஊசி, அறுவை என்று இரண்டு வருடம் அலைந்தோம். டாக்டர்கள் முயற்சி செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் பார்வை போய்விட்டது. அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் தனி ஆள். பிடோக்கில் இருக்கும் என் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னேன்.

வந்த முதல் மாதம் முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தான். கட்டிலிலிருந்து கதவுக்கு ஆறு அடி. கதவிலிருந்து லிஃப்டுக்கு இருபத்திரண்டு. லிஃப்டைவிட்டு இறங்கி இடது பக்கம் திரும்பி, தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனால் கோப்பிக் கடை. யாராவது கையைப் பிடித்தால் எரிந்து விழுவான். தானாகப் போய், சர்க்கரை இல்லாத கறுப்புக் கோப்பிக்கு ‘கோப்பி ஓ கொசோங்’ என்று தானே குரல் கொடுத்து, தானே குடித்துவிட்டு வந்தால்தான் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கும். கண் போனவனுக்கு ஞாபகம்தான் எல்லாம் என்று அப்போது நான் யோசித்துப் பார்த்ததில்லை. இவனுக்கு ஏன் இத்தனை வீம்பு என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஹாலில் ஒரு பாட்டு கேட்டது. முப்பது வருடத்துக்கு முந்தைய பாட்டு. எட்டிப் பார்த்தேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகம் ஜன்னலைப் பார்த்து இருந்தது, காது மட்டும் டிவி பக்கம். கையில் எங்கள் பழைய கேமின் கைப்பிடி. அவன் கொண்டுவந்த அட்டைப் பெட்டியில் பழைய துணிதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்தச் சாம்பல் நிற மெஷினை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருக்கிறான், படுபாவி. திரையில் ஒரு குட்டிப் படகு துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஒரு பாறையில்கூட இடிக்கவில்லை.

அது எப்படி என்று புரிய அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் ராணுவத்தில் தேசிய சேவை முடித்து வந்த வருடம், நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். இருவரும் காசு சேர்த்து மெஷினை வாங்கினோம். தீவு தீவாகப் படகில் போய் சாமான் இறக்கி, ஆட்களைக் கண்டுபிடித்து, ஊர் ஊராகக் கடந்து போகிற ஜப்பானிய விளையாட்டு ஒன்று கிடைத்தது. எல்லாம் ஜப்பானிய எழுத்து. எங்களுக்கு ஒரு அட்சரம் தெரியாது. அதனால் படிக்கிறவர்கள் விளையாடுகிற மாதிரி நாங்கள் விளையாடவில்லை, எண்ணினோம். மெனுவில் முதல் வரி பை, இரண்டாவது வரி வரைபடம், மூன்றாவது வரி சேவ். மூன்றாவது வரிக்குப் போய் வட்டப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் அதுவரை விளையாடியது பத்திரமாக இருக்கும். கிணற்றிலிருந்து வடக்கே பதினான்கு அடி, பிறகு கிழக்கே ஆறு. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு பாட்டு. மரப் பாலத்தில் நடந்தால் ஒரு சத்தம், மணலில் நடந்தால் ஒரு சத்தம். கதையை மட்டும் எங்கள் இஷ்டத்துக்குத் தமிழில் கட்டிக்கொண்டோம். அதில் வருகிற தாடிக்காரக் கப்பல் தலைவன் எங்களுக்கு எங்கள் கோயில் உபதேசியார்.

எழுத்துத் தெரியாததால் கற்ற வழி அது. பார்வை போனபோது அது அப்படியே அவனுக்குக் கைகொடுத்தது. பகலில் நான் வேலைக்குப் போன பிறகு மணிக்கணக்கில் விளையாடுவான். சாயங்காலம் வந்தால் எந்தத் தீவு வரை போனான் என்று சொல்வான். கண் போனபின் அவன் எதையாவது பெருமையாகச் சொல்லிக் கேட்டது அப்போதுதான்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அந்த விளையாட்டு இருந்த சிடித் தட்டு திருட்டுத் தட்டு. அப்போது ஊரில் பாதிப்பேர் அதைத்தான் வாங்கினார்கள், அசல் எந்தக் கடையில் கிடைத்தது என்றே எங்களுக்குத் தெரியாது. ஒரு தவக்காலத்தில் நான் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். பாதிக் காசு அவனுடையது, அதனால் நான் பாதிப் பாவத்தைத்தான் சொல்லியிருக்க வேண்டுமாம். ஆகவே நான் உத்தமி என்று சொல்ல வரவில்லை. பிற்பாடு நியாயமாகக் காசு கொடுத்து வாங்கப் போனேன், அப்போது என்ன கிடைத்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒருநாள் மெஷின் நின்றுவிட்டது. முதலில் அதைக் கவிழ்த்து வைத்தால் ஓடியது. அந்தக் காலத்தில் எல்லாரும் செய்த வைத்தியம் அது. பிறகு கவிழ்த்தாலும் ஓடவில்லை. அண்ணன் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ரேடியோகூடப் போடாமல் உட்கார்ந்திருப்பான். புதுசாக ஏதாவது வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம், தனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், புதுசைக் கற்கக் கண் வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

தேக்காவில் பழைய ரேடியோ, டிவி எல்லாம் பார்க்கிற கடை ஒன்று உண்டு. தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், பொறுமையாகப் பிரித்துப் பார்த்தார். மெஷினுக்குள் தட்டைப் படிக்கிற லென்ஸ் போய்விட்டது, அதை மாற்றினாலும் தட்டே செத்துவிட்டது என்றார். பின்பக்கம் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், ஊசிக் குத்தலாக ஓட்டைகள். பிறகு, அந்தக் கம்பெனியே அதைத் திரும்ப வெளியிட்டிருக்கிறதே, தெரியாதா என்று கேட்டார். பழைய கைப்பிடியைப் புது மெஷினில் பொருத்த ஒரு இணைப்புக் கம்பியும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடினேன். தேடத் தேட ரத்தம் கொதித்தது. அந்தக் கம்பெனி அந்த ஒரே விளையாட்டை இத்தனை வருடத்தில் நான்கு தடவை விற்றிருக்கிறது. ஒரு தடவை கைப்பேசிக்கு. போனின் மென்பொருள் மாறியதும் அது வாங்கினவர்களிடமிருந்து மறைந்துவிட்டது. ஒரு தடவை கணினிக்கு. அதை விற்ற இணையக் கடையையே பிறகு மூடிவிட்டார்கள். ஒரு தடவை கைக்கு அடக்கமான சின்னப் பெட்டியாக. வேண்டுமென்றே கொஞ்சமாகச் செய்து நிறுத்திவிட்டார்கள், பதுக்கி வைத்தவர்கள் இப்போது கேட்கிற விலையைச் சொல்ல வாய் வராது. நான்காவதுதான் இந்தச் ‘சிறப்புப் பதிப்பு’. நீங்கள் நேசித்த அதே விளையாட்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அதே விளையாட்டு என்றால் அதே பாட்டு இருக்க வேண்டாமா? இல்லை. புதிதாக ஏதோ வாத்தியக்குழு வாசித்ததை வைத்திருக்கிறார்கள். பழைய பாட்டும் பழைய சத்தங்களும் வேண்டுமென்றால் அது தனி. அதற்கு விலை உயர்ந்த பதிப்பு வாங்க வேண்டும். அந்தப் பதிப்பு வெளிவந்தபோது சிங்கப்பூர்க் கடையில் இல்லையாம், வேறு நாட்டுக் கணக்கில்தான் வாங்க வேண்டியிருந்ததாம். ஒரு மாதம் கழித்துத்தான் இங்கே வந்ததாம். அதுவும் வாங்கினேன் என்று சொல்லக்கூடாதாம். சம்மதம் என்று அழுத்துவதற்கு முன்னால் ஒப்பந்தத்தைப் படித்தேன், என் வேலைப் புத்தி அப்படி. எனக்குக் கிடைப்பது விளையாட ஒரு அனுமதி மட்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். இப்படி ஒரு தாளோடு ஒரு பெட்டி என் மேஜைக்கு வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். பழைய விளையாட்டை ஒன்றும் மாற்றாமல் கொடுங்கள், கேட்ட விலை தருகிறேன் என்று நிற்கிறவளிடம் அதை மட்டும் விற்க மாட்டார்களாம். அட போங்கப்பா என்று போனை மூடிப் பையில் போட்டேன். மறுநாள் எடுத்து வாங்கிவிட்டேன், அதை ஓட்ட ஒரு புது மெஷினும் சேர்த்து.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். அண்ணனிடம் நான் சொல்லவில்லை. பழைய மெஷின் சரியாகிவிட்டது என்றேன். புதுசு என்றால் தொடமாட்டான், அவனுக்காகச் செலவு செய்தேன் என்றால் அதற்கு வேறு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். புது மெஷினைப் பழைய இடத்திலேயே வைத்தேன். இணைப்புக் கம்பியைப் போட்டு அவனுடைய பழைய கைப்பிடியைப் பொருத்தினேன். ஸ்விட்ச் வேறு மாதிரி இருக்கிறதே என்று தடவிப் பார்த்துக் கேட்டான். கடைக்காரர் மாற்றிப் போட்டிருக்கிறார் என்றேன். ஒரு பொய் சொன்னால் அடுத்தது தானாக வந்து வாயில் உட்கார்ந்துகொள்கிறது.

அசட்டையாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். அவன் தூங்கிய மத்தியானம் ஒன்றில் நானே அரை மணி நேரம் விளையாடிப் பார்த்தேன். முதல் துறைமுகத்துப் பாட்டு அதேதான். மரப் பாலத்தின் சத்தம் அதேதான். மெனுவைத் திறந்து பார்க்கவில்லை. திறக்க வேண்டிய தேவையே வரவில்லை, ஏனென்றால் புதுசில் எல்லாம் தானாகவே சேவ் ஆகிவிடுகிறது, மூலையில் ஒரு சின்ன வளையம் சுற்றி அதைச் சொல்கிறது. நல்ல வசதி என்றுகூட நினைத்தேன். தாளில் எழுதியிருப்பதை நம்பிப் பெட்டியைத் திறக்காமல் முத்திரை குத்துகிறவர்களை இத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

முதல் வாரம் அவன் முகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது வாரம் எந்தத் தீவு வரை போனாய் என்று கேட்டால், முதல் தீவிலேயே சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன் என்றான். அதற்கப்புறம் நான் கேட்டால் பேச்சை மாற்றினான். பிறகு கோப்பிக் கடைக்குப் போவது குறைந்தது. முட்டி வலி என்றான். வேலையிலிருந்து வரும்போது கோப்பியைப் பையில் கட்டி வாங்கி வரச் சொன்னான். அடுப்பைத் தொடுவதை நிறுத்தினான். கதவைப் பூட்டினேனா என்று என்னிடம் இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டான். வயது ஆகிறது, சலிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். டிவி பக்கத்தில் கைப்பிடி தூசு படிந்து கிடந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அக்டோபர் மாதம் எங்கள் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் வீடு வீடாகக் கூடி ஜெபமாலை சொல்வது வழக்கம். அண்ணனுக்குப் பார்வை இருந்த காலத்திலிருந்தே கடைசியில் மாதா மன்றாட்டுமாலையை அவன்தான் முன்னால் நின்று சொல்வான். நீளமான மாலை, வரிக்கு வரி மாதாவை ஒவ்வொரு பெயரால் அழைக்க வேண்டும், மற்றவர்கள் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பார்கள். கண் போன பிறகு முழுக்க மனப்பாடமாகவே சொல்லிவந்தான். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சொல்கிறவர்கள்கூட எங்கேயாவது தடுக்குவார்கள். அவன் தடுக்கியதில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மூன்றாவது பிளாக்கில் ஒரு வீட்டில் கூட்டம். பாதிக்கு மேல் சொன்னவன் நின்றுவிட்டான். அடுத்த வரி வரும் என்று எல்லாரும் தலை குனிந்து காத்திருந்தோம். வரவில்லை. அவன் உதடு மட்டும் அசைந்தது. அந்த வீட்டு அம்மா போனில் பார்த்து மெதுவாக எடுத்துக் கொடுத்தார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்து நின்றான். மீதியை வேறொருவர் சொல்லி முடித்தார். சூடாக வடை கொடுத்தார்கள். அவன் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான்.

திரும்பி வரும்போது, அவன் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக என் கையைத் தானே பிடித்துக்கொண்டான். கீழே கல் பெஞ்சில் உட்காரலாமா என்றான். உட்கார்ந்தோம்.

“கண்ணு மட்டும் இல்ல பாப்பா. மூளையும் போவுது.”

நான் என்ன உளறுகிறாய் என்று ஆரம்பித்தேன். அவன் என்னைப் பேசவிடவில்லை.

“கேம்ல தெனம் சேவ் பண்ணிட்டு ஒடனே அணைச்சுடறேன். மறுநாள் போட்டா ஒண்ணும் இல்ல, மொதல்லேந்து வருது. பண்ணிட்டேன்னு நானா நெனச்சுக்கறேன் போல. அடி எண்ணிக்கைகூட தப்பா வருது. பதினாலுன்னு எனக்கு நல்லா தெரியும், போனா செவுத்துல முட்டுது. அதுவே போயிடுச்சுன்னா லிஃப்டுக்கு எத்தன அடின்னு நான் எத வச்சு நம்புறது? நீ வேலைக்குப் போன நேரத்துல அடுப்ப தெறந்து விட்டுட்டேன்னா? என்னை ஒரு ஹோம்ல சேத்துடு லா.”

மூன்று மாதமாக இப்படி என்றான். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் அவன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மெஷின் பழையது இல்லை, பழையது தேக்காவில் அன்றைக்கே செத்துவிட்டது, இது கம்பெனி புதிதாக விற்பது, உன்னிடம் சொன்னால் தொடமாட்டாய் என்று மறைத்தேன் என்றேன். அவன் கையை இழுத்துக்கொண்டான். பிறகு மேலே போகலாம் என்று எழுந்தான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷினைப் போட்டேன். மெனுவைத் திறந்தேன், புதுசில் எல்லாம் ஆங்கிலம். தானாகவே சேவ் ஆகிறது என்பதால் சேவ் என்ற வரியையே எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில், அதே மூன்றாவது வரியில், ‘அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு’ என்று இருந்தது. நிச்சயமா என்று ஒரு தடவை கேட்டது, வட்டத்தை மறுபடி அழுத்தினால் அழிந்தது. பழையதில் காப்பாற்றுவதற்கு அவன் கை செய்ததை அதே இடத்தில் வைத்து அழிப்பதற்கு ஆக்கியிருக்கிறார்கள். மெனுவில் நகரும்போது வருகிற ‘டிக்’ சத்தம் மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது. அந்தச் சத்தத்துக்குத்தானே நான் கூடுதலாகக் கொடுத்தேன். தீவுகளில் பாதைகளையும் அழகுபடுத்தியிருந்தார்கள். கிணற்றிலிருந்து வடக்கே இப்போது பதினொன்றுதான்.

ஒவ்வொன்றாக அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

“அப்ப நான் சரியாத்தான் பண்ணியிருக்கேன்” என்றான்.

“சரியாத்தான் பண்ணியிருக்கே. அவங்கதான் மாத்திட்டாங்க.”

“அவங்க மாத்துனாங்க, சரி. அவங்களுக்கு நான் யாருன்னு தெரியாது.” என்னிடமிருந்து கைப்பிடியை வாங்கிக் கீழே வைத்தான். “நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் லா.”

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், நானும் மூக்குமேல் கோபம் வருகிறவள்தான். கத்தவில்லை. எழுந்து, அடி எண்ணிக்கொண்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் ஹாலில் உட்கார்ந்து அழுதேன்.

கம்பெனிக்கு எழுதினேன். திட்டித்தான் எழுதினேன். கண் தெரியாத ஒருவர் மூன்று மாதம் தன் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்து வாழ்ந்திருக்கிறார், பழைய மெனுவையும் ஒரு தேர்வாக வைத்தால் என்ன குடி முழுகிப் போய்விடும், அல்லது மாற்றியதை மாற்றியதாகச் சொல்லி விற்றால் என்ன என்று கேட்டேன். எங்கள் விளையாட்டின் மீது நீங்கள் வைத்திருக்கும் அன்புக்கு நன்றி, உங்கள் கருத்தைக் குழுவிடம் சேர்த்துவிட்டோம் என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்து, இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒன்று வந்தது. அதன் அடியில், அந்த விளையாட்டின் இரண்டாம் பாகமும் சிறப்புப் பதிப்பாக வருகிறது, இப்போதே பதிந்துகொள்ளுங்கள் என்று இருந்தது. என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

அண்ணனைப் பாலிகிளினிக்குக்குக் கூட்டிப்போய் ஞாபகப் பரிசோதனையும் செய்தோம். அவனே கேட்டான். டாக்டரம்மா ஐந்து வார்த்தை சொல்லி, வேறு ஏதேதோ பேசிவிட்டு, அப்புறம் அதைத் திருப்பிக் கேட்டார். இந்தக் கணக்கு, அந்தக் கணக்கு, இன்று என்ன கிழமை. எல்லாம் ஒழுங்காகச் சொன்னான். ஒரு குறையும் இல்லை என்றார். அடுத்த வாரம் ஜெபக்கூட்டத்தில் மன்றாட்டுமாலையை முதலிலிருந்து கடைசி வரை மூச்சு விடாமல் சொன்னான். பழையபடி கோப்பிக் கடைக்குப் போகத் தொடங்கினான். நான் கையை நீட்டினால் தட்டிவிட்டான். மாதாவே என்று நெஞ்சில் கை வைத்தேன், பிழைத்தோம் என்று நினைத்தேன். புது மெஷினை அலுவலகத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். கேமைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

போன மாதம் அவனுடைய சர்க்கரை மாத்திரையை வாங்கி வந்தேன். மருந்தகத்தில் இருந்த பெண், கம்பெனி மாறியிருக்கிறது, மாத்திரை நீளமாக இருக்கும், மருந்து அதேதான் என்று சொல்லிக் கொடுத்தாள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு நான் கிளாஸில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். அவன் மாத்திரையை விரலில் உருட்டிப் பார்த்தான். பழையது வட்டம், நடுவில் ஒரு கோடு இருக்கும்.

“இது வேற” என்றான்.

கம்பெனிதான் மாறியிருக்கிறது என்று சொன்னேன்.

“அதேதானா?”

“அதேதான் அண்ணே.”

சரி என்று தலையாட்டினான். மாத்திரையைத் திரும்ப அட்டைக்குள் வைத்தான். அட்டையையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு எழுந்தான். சுவரைத் தொட்டு நடந்து, கதவைத் திறந்து, வெளியே வலது பக்கம் ஒன்பது அடி வைத்து, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், அவருடைய கம்பிக் கதவைத் தட்டினான். நான் வாசல் வரை பின்னாலேயே போனேன். இதில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்று அவரிடம் மலாயில் கேட்டான். மக்சிக் அவன் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார். உன் தங்கைதான் நிற்கிறாளே என்று அவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். அண்ணன் ஒவ்வொரு எழுத்தையும் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். பிறகு அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, ஒன்பது அடி எண்ணித் திரும்பி வந்து, என் கையிலிருந்த தண்ணீரை வாங்கி மாத்திரையை விழுங்கினான்.